பாணியைத் தேடுவதா, சேர்ப்பதா? படம் வரையும் ஒருவருக்கு ஒரு பதில்

நான்கு ஆண்டுகளாக டேப்லெட்டில் வரைந்துவரும் ஒருவர் கேட்டிருக்கிறார். தம் படங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆள் வரைந்தவைபோலத் தோன்றுகின்றன என்கிறார். சிறுவர் நூல்களை வெளியிடும் ஒரு பதிப்பாளர் அவருடைய படத்தொகுப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் இவற்றில் எது உங்களுடையது?" என்று கேட்டுவிட்டாராம். தமக்கென ஒரு பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவருடைய கேள்வி. வார இதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படம் வரைந்தவன் என்பதால் இதற்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன். "நிறைய வரையுங்கள், தானாக வரும்" என்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில் பாதி உண்மைதான். அந்தப் பாதியை மட்டும் நம்பிப் பல ஆண்டுகளை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் பாணி என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துவிடுவோம். தண்ணீர்க்குடம் சுமந்து வரும் ஒரு பெண்ணை நீங்கள் வரைகிறீர்கள். மூக்கை ஒரே கோட்டால் காட்டுவதா, நிழலால் காட்டுவதா? இடுப்பில் விழும் புடவை மடிப்புகளில் எத்தனையை வரைவது, எத்தனையை விட்டுவிடுவது? குடத்தின் விளிம்புக் கோடு முழுவதுமாக மூடவேண்டுமா, வெளிச்சம் படும் பக்கத்தில் அறுந்து நிற்கலாமா? காலடியில் தரை உண்டா, வெறும் தாள் போதுமா? உள்ளங்கை அளவுப் படத்துக்குள்ளேயே இப்படி ஐம்பது அறுபது முடிவுகள் இருக்கின்றன. ஒருவர் நூறு படங்களில் இந்த முடிவுகளை ஏறத்தாழ ஒரே விதமாக எடுக்கும்போது, பார்ப்பவர்கள் அதைப் பாணி என்கிறார்கள். உங்கள் படங்கள் சிதறித் தெரிவதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிரஷ், புதிய வண்ணத் தொகுப்பு என எல்லாமே விரல்நுனியில் கிடைப்பதால், அந்த ஐம்பது முடிவுகளில் பெரும்பகுதியை, அந்த வாரம் நீங்கள் கண்டு வியந்த வேறொருவருடைய படமே உங்களுக்காக எடுத்துவிடுகிறது. ஆகவே, பாணியை வெளியே தேடுவதைவிட, உங்கள் கை தானே முடிவெடுத்தாக வேண்டிய நெருக்கடியை நீங்களே உருவாக்கிக்கொள்வதுதான் வழி என்பேன்.

நம் வார இதழ்களின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ஆஃப்செட் அச்சு பரவுவதற்கு முன், கதைக்கு வரைந்த படம் துத்தநாகத் தகட்டில் பிளாக்காக மாறினால்தான் அச்சேறும். வெள்ளைத் தாளில் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையால் வரைந்த படத்தைப் புகைப்படம் எடுத்து, அதன் நெகட்டிவை ஒளியுணரும் பூச்சு தடவிய தகட்டின்மேல் பதித்து, கோடில்லாத இடங்களை நைட்ரிக் அமிலத்தால் அரித்துவிடுவார்கள். மேடாக எஞ்சி நிற்கும் கோடு மட்டும் மையை வாங்கும். லைன் பிளாக் எனப்பட்ட இந்த முறையில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியோ, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியோ, புள்ளி வைத்தோதான் அந்தத் தோற்றத்தை உண்டாக்க முடியும். நிழலைச் சிறு புள்ளிகளாகப் பிரித்துக்காட்டும் ஹாஃப்டோன் பிளாக்குகளும் இருந்தன என்றாலும், செய்தித்தாள் வகைக் காகிதம் அங்குலத்துக்கு 65 கோடுகள் என்பது போன்ற பருமனான புள்ளித்திரையைத்தான் தாங்கும். மென்மையான நிழல்கள் அதில் கலங்கிப்போகும். பெரிதாக வரைந்த படம் சுருக்கப்பட்டு அச்சாவதால், மிக மெல்லிய கோடு அறுந்துவிடும். மிக நெருக்கமான கோடுகளுக்கிடையே மை அடைத்துக்கொள்ளும். இத்தனை தடைகளையும் தாண்டி, மூன்றங்குல அகலத்தில், ஒரு கதையின் உயிரை வாசகருக்குக் காட்டியாக வேண்டும், அதுவும் வாரந்தோறும்.

ஓவியர் கோபுலுவின் கோடு இந்தக் கட்டாயத்துக்குள் வளர்ந்த கோடு. 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்று, மூத்த கேலிச்சித்திரக்காரர் மாலியின் வழிகாட்டலில் ஆனந்த விகடனில் வளர்ந்த அவர், நிழலை ஏறக்குறைய முற்றிலும் விட்டுவிட்டு, ஒரு முதுகின் வளைவிலும், தோளில் துண்டு கிடக்கும் விதத்திலும், குடையை இடுக்கியிருக்கும் கையிலும் ஆளுடைய வயது, தொழில், அந்த நேரத்து மனநிலை மூன்றையும் சொல்லிவிடுவார். அவருடைய வசனமில்லாத நகைச்சுவைப் படங்களைப் பாருங்கள். சொல்லின் துணையும் இல்லை, நிழலின் துணையும் இல்லை என்னும்போது உடல்மொழி ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதையே அவர் தம் மொழியாக ஆக்கிக்கொண்டார். இங்கிலாந்தில் ஆப்ரி பியர்ட்ஸ்லி என்ற ஓவியர் இதே லைன் பிளாக்கை வேறு திசையில் கொண்டுபோனார். 1872இல் பிறந்து 25 வயதிலேயே காசநோய்க்குப் பலியான அவர், ஜப்பானிய மரவெட்டு அச்சுகளிலிருந்து கற்றதைக்கொண்டு, சாம்பலே வேண்டாம் என்று கெட்டிக் கறுப்புப் பரப்புகளையும் அவற்றுக்கு எதிரே முடியிழை போன்ற கோடுகளையும் வைத்தார். அதே நாட்டு ஓவியர் ஆர்தர் ராக்கம் மூவண்ண அச்சு முறைக்கு வரைந்தபோது, அடங்கிய பழுப்பு வண்ணங்களைப் பேனாக்கோட்டால் இறுக்கிப் பிடித்தார். அச்சுத் தொழில்நுட்பம் விதித்த தடைகள், மூன்று முற்றிலும் வேறான கைகள். தடை அச்சினுடையது, அதற்குக் கொடுத்த விடை அவரவருடையது.

உங்கள் டேப்லெட் எந்தத் தடையையும் விதிப்பதில்லை. எனவே மூன்று மாதங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். காகிதத்தில் ஒரே பேனா என்று வைத்துக்கொள்வது சிறந்தது. நிப் பேனாவோ சாதாரண ஜெல் பேனாவோ எதுவாகவும் இருக்கலாம். டேப்லெட்டைத்தான் பயன்படுத்துவேன் என்றால் ஒரே ஒரு பிரஷ், ஒரே லேயர் (அடுக்கு), கோட்டை நேர்படுத்தும் ஸ்டெபிலைசர் அணைக்கப்பட்ட நிலை, வரைந்ததை நீக்கும் அன்டூ கிடையாது என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசரை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் மணிக்கட்டின் தயக்கம், வேகம், திருப்பத்தில் அது எடுத்துக்கொள்ளும் சிறு ஓய்வு ஆகியவற்றையெல்லாம் ஸ்டெபிலைசர் சீவி எடுத்துவிடுகிறது. உங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டக்கூடியவை அவைதாம்.

இதற்கிடையே இன்னொரு வேலையையும் செய்யுங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி மொரெல்லி என்ற இத்தாலியர், பழைய ஓவியங்களில் எது யார் வரைந்தது என்பதைக் கண்டறிய விசித்திரமாகத் தோன்றும் ஒரு வழியைக் கையாண்டார். முகத்தையும் முக்கிய உருவங்களின் நிலையையும் விட்டுவிட்டுக் காது மடலையும் விரல் நகத்தையும் பார்த்தார். முகத்தை வரையும்போது ஓவியர் விழிப்புடன் இருக்கிறார், குருவையும் வழக்கத்தையும் பின்பற்றுகிறார். காதை வரையும்போது கை தன்போக்கில் போகிறது என்பது அவருடைய வாதம். உங்கள் பழைய படங்களில் முப்பதை எடுத்து, முகங்களை மறைத்துவிட்டு, காது, பாதம், துணியின் ஓரம், இலை, கதவுப் பிடி போன்ற கவனிக்காமல் வரைந்த பகுதிகளை மட்டும் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். என்னிடம் பயின்ற ஒருவருடன் இதைச் செய்தபோது, அவருடைய முகங்கள் எல்லாம் ஜப்பானிய அனிமேஷனிலிருந்து வந்தவையாக இருக்க, பாதங்கள் மட்டும் எல்லாப் படங்களிலும் ஒன்றுபோலப் பரந்து, விரல்கள் பிரிந்து, தரையை நன்றாக ஊன்றி நின்றன. வயலில் வேலை செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். அந்தப் பாதங்களுக்குப் பொருந்தும் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று கீழிருந்து மேலாக உருவங்களை மீண்டும் கட்டச் சொன்னேன். ஆறு மாதங்களில் முகங்களும் மாறிவிட்டன. முப்பது ஆண்டுகளில் நான் கண்ட மாற்றங்களில் என் மனத்தில் ஆழப் பதிந்தது அதுதான்.

பிறரைப் பார்த்து வரைவது தவறா என்பது இந்த இடத்தில் எழும் கேள்வி. தவறில்லை, ஆனால் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். என் இருபது வயதுகளில், நான் மிகவும் மதித்த ஒரு மூத்த ஓவியருடைய பெண் உருவங்களை இரண்டு ஆண்டுகள் விடாமல் படியெடுத்தேன். அந்தக் கண்களும் கூந்தலும் எனக்குப் படிந்துவிட்டன என்று நம்பியிருந்தபோது, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் ஒரு முதியவரைப் பற்றிய கதை என்னிடம் வந்தது. அந்த மூத்த ஓவியர் அப்படி ஒருவரை வரைந்து நான் பார்த்ததில்லை. மேசைமுன் அமர்ந்தபோது அந்த முதியவரை எந்தக் கோட்டால் தொடங்குவது என்றே தெரியவில்லை. நான் கற்றிருந்தது அந்த ஓவியர் கண்ட விடைகளை மட்டுமே, அவர் விடைகாணும் முறையை அல்ல.

அதனால்தான், ஒருவரைப் பிடித்திருந்தால் அவர் எதைப் பார்த்தார் என்று தேடிப் போகச் சொல்கிறேன். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த உருவங்கள், சோழர் காலம் என்றால் நம் கண்முன் என்ன வரவேண்டும் என்பதையே தீர்மானித்தன. அந்த முகங்களை அப்படியே படியெடுத்தால் உங்களுக்கு இன்னொரு மணியம்தான் கிடைப்பார். மாறாக, எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் ஒரு முழு நாள் நின்று, ஒரு சோழர் காலத்து உமையின் இடுப்பு வளைவு எந்தக் காலில் பாரத்தை இறக்குகிறது, தொங்கும் கை ஏன் தளர்ந்திருந்தும் சோர்ந்ததாகத் தெரியவில்லை என்று பார்த்து வரைந்தால், அவர் எதிர்கொண்ட அதே கேள்வியை நீங்களும் எதிர்கொள்வீர்கள். உங்களுடைய விடை வேறாக இருக்கும். ஓவியர் சில்பி இதில் இன்னொரு எல்லைக்குப் போனவர். நாமக்கல்லில் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் முன் அமர்ந்து, தம்முடையது என்று எதையும் சேர்க்காமல், கல்லில் இருப்பதைக் கோட்டில் கொண்டுவருவதையே தவமாகச் செய்தார். தம்மை முற்றிலும் ஒதுக்கிவைத்த அந்த மனிதரின் படத்தை, கையெழுத்தை மறைத்துவிட்டுக் காட்டினாலும், "இது சில்பி" என்று சொல்லிவிடலாம். தனித்தன்மைக்காகப் பதறும் இளையவர்கள் ஒருமுறையாவது அவருடைய படங்களுடன் அமர்ந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இனிப் பயிற்சி. ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் ஊரின் உழவர் சந்தை, பேருந்து நிலையம், பாட்டி வீட்டுப் பின்கட்டு என நீங்கள் அடிக்கடி போகக்கூடியதும் உண்மையாகவே பிடித்ததுமான ஓர் இடமாக இருக்கட்டும். அங்கே அரைமணி நேரம் வரையாமல், புகைப்படமும் எடுக்காமல் வெறுமனே பாருங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள். முதல் பத்துப் படங்கள் ஏமாற்றமாகத்தான் இருக்கும், பொருட்படுத்த வேண்டாம். நினைவிலிருந்து வரையும்போது, உங்கள் மனம் எதைப் பிடித்துவைத்துக்கொண்டது, எதை உதறியது என்பது தாளில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஒரே சந்தையைப் பார்த்துவிட்டு வந்த மூவரில், ஒருவருக்குத் தராசைத் தூக்கும் கை நினைவிருக்கும், ஒருவருக்குத் தார்ப்பாய் நிழலின் நீலம், ஒருவருக்கு முள்ளங்கிக் கட்டுகள் அடுக்கப்பட்ட ஒழுங்கு. கோடு எப்படி விழுகிறது என்பதைவிட, எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் பாணியின் பெரும்பகுதி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பிறகு மீண்டும் அங்கே போய், நினைவில் நிற்காமல் போனவற்றை நேரில் பார்த்து வரையுங்கள். அடுத்த முறை மறுபடியும் நினைவிலிருந்து. இப்படி இரண்டு மாதங்களில் அறுபது படங்கள் சேர்க்கலாம். இந்தக் காலத்தில் எதையும் யாருக்கும் காட்ட வேண்டாம். எந்தப் படத்துக்குப் பாராட்டு கிடைக்கிறதோ அந்தப் பக்கம் கை சாய்ந்துவிடும். கை தன் சாய்வைத் தானே அறிவதற்கு முன் அது நடக்கக்கூடாது.

அறுபதையும் தரையில் பரப்பிவைத்து, திரும்பத் திரும்ப வருபவை எவை என்று எழுதுங்கள். இங்கேதான் மிகுந்த நேர்மை தேவைப்படுகிறது, ஏனென்றால் திரும்ப வருபவை இரண்டு வகை. ஒன்று விருப்பத்தால் வருவது, மற்றது இயலாமையால் வருவது. உங்கள் ஆட்கள் எல்லாரும் கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறார்களா? எல்லா முகங்களும் இடப்பக்கமே பார்க்கின்றனவா? வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் பார்க்கும் முகம் எளிதாக வரும் என்பதால் இது மிகப் பரவலான பழக்கம். கூட்டம் என்றால் உடனே பின்னணி வெறுமையாகிவிடுகிறதா? இவற்றை "இதுதான் என் பாணி" என்று சொல்லிக்கொள்வது எளிது. பலர் அப்படிச் சொல்லிக்கொண்டே தம் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தவிர்த்த பொருளை, எடுத்துக்காட்டாகக் கையை, இருபது முறை பொறுமையாகக் கற்று வரையுங்கள். நன்றாக வரையத் தெரிந்த பிறகும் அதை விட்டுவிடவே உங்களுக்குத் தோன்றினால், அது உங்கள் தேர்வு. அதன்பின் யாரும் அதைக் குறை என்று சொல்ல முடியாது.

அடுத்து, கண்டறிந்த முடிவுகளைக் கடினமான பொருள்களுக்கு எதிராக நிறுத்திப் பாருங்கள். அழகான முகமும் பூவும் பூனையும் எந்தப் பாணியிலும் நின்றுவிடும். மிதிவண்டி, மழைநாள் பேருந்து நிறுத்தம், சுருக்கம் நிறைந்த முதிய முகம், கண்டாங்கிப் புடவையின் கட்டங்கள் உடல் வளைவோடு திரும்பும் விதம், தட்டில் பரிமாறிய சோறு ஆகியவற்றை உங்கள் வழியில் வரைய முடிகிறதா? கண்டாங்கிக் கட்டங்களை எல்லாம் வரைவீர்களா, மடிப்பில் மட்டும் நான்கைக் காட்டிவிட்டு மற்றவற்றை வாசகரின் கண்ணுக்கு விடுவீர்களா? விடையில்லாத இடத்தில் உங்கள் பாணி இன்னும் முழுமையாகவில்லை. அங்கே வேலை செய்யுங்கள். வண்ணத்தைப் பற்றி ஒன்று மட்டும்: ஐந்து வண்ணங்களுக்குமேல் வேண்டாம், அந்த ஐந்தையும் ஓராண்டுக்கு மாற்ற வேண்டாம்.

பதிப்பாளர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதை உங்கள் ஆளுமையைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டு வருந்தியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவருடைய கவலை பெரும்பாலும் நடைமுறை சார்ந்தது. சிறுவர் படக்கதை நூல் பொதுவாக 32 பக்கம். 16 பக்கங்கள் கொண்ட இரண்டு ஃபாரங்களாக (சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதிகளாக) அச்சாவதற்கு வசதியான அளவு அது. மூன்றாம் பக்கத்தில் சிரிக்கும் சிறுமி, இருபத்தேழாம் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அழும்போதும் அதே சிறுமிதான் என்று ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிய வேண்டும். நான்கு மாத வேலையில் நடுவழியில் உங்கள் கை மாறிவிட்டால், அவருடைய நூல் இரண்டாகப் பிளந்துவிடும். ஆகவே அவர் கேட்பது சீர்மையை. அதை நீங்கள் கற்றுக்கொள்ள முடியும்.

ஒரு பாணிக்குள் சிக்கிக்கொண்டால் பிறகு மாற முடியாமல் போகுமோ என்ற அச்சமும் உங்கள் கேள்வியில் மறைந்திருப்பதாக உணர்கிறேன். ஓவியர் ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, நூறளவில் காந்தி உருவங்களைக் கோடுகளாலேயே வரைந்தார், எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் கரிசல் மண்ணுக்குக் கோட்டில் உருவம் கொடுத்தவரும் அவரே. அதே மனிதர் பின்னாளில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போனார். இரண்டையும் அருகருகே வைத்தால், பொருள் மாறியிருக்கிறது, கருவி மாறியிருக்கிறது, ஆனால் பரப்பைக் கிழித்துக்கொண்டு ஓடும் அந்த வேகமும் அழுத்தமும் அவரைவிட்டுப் போகவில்லை என்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. கோபுலுவுக்குப் பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது, அவர் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். மதுரையில் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே வந்த ஆண்டுகளிலும், செங்கல் செங்கலாக, ஓடு ஓடாக மையால் கட்டடங்களை வரைந்தார். பாணி விரல் தசைகளில் மட்டும் குடியிருந்தால் இவையெல்லாம் நடந்திருக்க முடியாது. நீங்கள் இன்று உறுதிப்படுத்தும் முடிவுகள் பத்தாண்டில் மாறத்தான் செய்யும்; ஒவ்வொன்றாக, காரணத்தோடு மாறும்.

எந்தப் பாணியையும் நொடியில் போலி செய்யும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட பிறகு இந்த உழைப்பு எதற்கு என்று என்னிடம் படிப்பவர்கள் கேட்கிறார்கள். ஏற்கெனவே வரையப்பட்டவற்றின் மேற்பரப்பை அவை எடுத்துக்கொள்கின்றன. அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் நீங்கள் அந்தச் சந்தையில் அரைமணி நேரம் நின்று, வெற்றிலைக்காரம்மா பணத்தை எண்ணும்போது உதடு அசைவதைப் பார்த்தீர்களே, அது எந்தத் தொகுப்பிலும் இல்லை.

மூன்று மாதங்கள் கழித்து அதே பதிப்பாளருக்கு மீண்டும் எழுதுங்கள். இம்முறை உங்கள் சிறந்த இருபது படங்களை அனுப்ப வேண்டாம். ஒரே கதைமாந்தரை ஓடும்போதும், உண்ணும்போதும், கோபிக்கும்போதும், முதுகுப்புறமிருந்தும், தொலைவிலிருந்தும், கூட்டத்துக்கு நடுவிலும் வரைந்த ஆறு படங்கள். எழுத்துக்கு இடம்விட்டு முழுமையாக முடித்த இரண்டு விரிபக்கங்கள் (எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்தவை). எல்லாமே ஒரே பேனா, அந்த ஐந்து வண்ணங்கள். எவ்வளவு நன்றாக இருந்தாலும் இவற்றோடு சேராத படத்தை வெளியே எடுத்துவிடுங்கள். விரிபக்கங்களை அச்சாகும் அளவிலேயே ஒருமுறை சாதாரணக் காகிதத்தில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். திரையில் பளிச்சென்று தெரிந்த மெல்லிய கோடுகளில் எவை காகிதத்தில் நிற்கின்றன, எவை மறைந்துபோகின்றன என்பது அப்போதுதான் தெரியும்.